ஐப்பசி பொய்த்த ஆண்டுகள்

2016 ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியா முழுவதும் பெய்த மழை, நீண்டகாலச் சராசரியில் 97 விழுக்காடு. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் தென்மேற்குப் பருவமழை கைவிட்டிருந்தது. பசிபிக் கடலைச் சூடாக்கிக்கொண்டிருந்த எல் நினோ விலகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாடு பெருமூச்சு விட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் பெய்தது 168 மில்லிமீட்டர். பெய்திருக்க வேண்டியது 440. வடகிழக்குப் பருவமழை இவ்வளவு மோசமாகப் பொய்த்தது 1876க்குப் பிறகு அந்த ஆண்டில்தான். 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

சிவகங்கைச் சீமையில் அது கார்த்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல், இடிமழை ஈரத்தில் முளைத்து, சாண் உயரம் வந்து, பிறகு மழை இல்லாமல் வெளிறிக் கருகியது. காளையார்கோவில், தேவகோட்டை, இளையான்குடிப் பக்கம் நீர் நிற்க வேண்டிய கண்மாய் உள்வாயில் ஆடு மாடுகள் மேய்ந்தன. டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. அதன் ஈரம் செட்டிநாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நாடு தப்பித்தது என்று சொன்ன ஆண்டில் இந்த வட்டாரம் ஏன் காய்ந்தது? இதற்கு விடை தேடப்போனால் இரண்டு பெருங்கடல்களையும், அதற்கு 140 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பஞ்சத்தையும், இரங்கூன் நெல் வணிகத்தையும், கலுங்குக் கல் ஒன்றின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலநிலை பற்றிய நம் பேச்சு ஏறக்குறைய முழுவதும் ஜூன்–செப்டம்பர் மழையைச் சுற்றியே நடக்கிறது. செட்டிநாட்டின் சோற்றைத் தீர்மானிப்பது ஐப்பசியும் கார்த்திகையும். இந்த இரண்டு பருவங்களுக்கும் கடலோடு உள்ள உறவு ஒன்றல்ல. பல ஆண்டுகளில் அது நேரெதிரானது.

சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. லண்டனில் பெய்வது அறுநூறு சொச்சம். ஆகவே ‘வானம் பார்த்த பூமி’ என்ற பெயர் மழையின் அளவால் மட்டும் வந்ததல்ல. ஆண்டு மழை முழுவதும் ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்ற நாட்களில் வெயில், விழுந்ததைவிட அதிகமாக உறிஞ்சக் காத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குக் காற்று இங்கே வறண்டுதான் வந்து சேருகிறது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழைகள் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தருகின்றன. நிலத்தை உழவும் விதைக்கவும் அது போதும், கண்மாயை நிரப்பப் போதாது. கண்மாய் நிரம்புவதற்கு வங்கக் கடலிலிருந்து தாழ்வு நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இரண்டு மூன்று நாட்கள் விடாமல் பெய்ய வேண்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண்ணும் செம்புறைக்கல் சரளையும் முதல் மழையைக் குடித்துவிடும். அடுத்தடுத்த மழைதான் வரத்துக்காலில் ஓடி உள்வாய்க்குள் வந்து சேரும். ஆக, ஓர் ஆண்டின் விளைச்சல் ஐப்பசி, கார்த்திகையில் வரும் நான்கைந்து மழைச் சுற்றுகளை நம்பி நிற்கிறது. அவற்றில் இரண்டு தவறினாலும் கணக்கு கெட்டுவிடும்.

அந்த மழைச் சுற்றுகளைத் தருவதும் தடுப்பதும் எது? பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவது எல் நினோ. குளிர்வது லா நினா. எல் நினோ வந்தால் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. நம் பாடப்புத்தகங்களும் நாளிதழ்களும் சொல்வது இந்தப் பாதியை மட்டும்தான். அதே எல் நினோ ஆண்டின் பிற்பகுதியில், வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட வலுப்பதே அதிகம். 1997, 2015, 2023 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும் எல் நினோ காலத்தில்தான். லா நினா ஆண்டுகளில் சூடான நீர் இந்தோனேசியாவை ஒட்டிக் குவிகிறது. காற்று அங்கே மேலெழும்புகிறது, ஈரம் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. வங்கக் கடலில் உருவாகும் சுழல்களும் வடக்கே வளைந்து ஒடிசா, வங்கம் பக்கம் போய்விடும் வாய்ப்பு கூடுகிறது.

இதோடு இன்னொரு கடலையும் சேர்க்க வேண்டும். நம் இந்தியப் பெருங்கடலுக்கே சொந்தமாக ஓர் ஊசலாட்டம் இருக்கிறது என்பதை 1999இல்தான் ஓர் ஆய்வுக் குழு தெளிவாக எழுதியது. ஜப்பானின் யமகாட்டாவோடு சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன் ஆகிய இந்திய அறிஞர்களும் அதில் இருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் கடல் சூடாகவும் சுமத்திரா பக்கம் குளிர்ந்தும் இருந்தால் அது இந்தியப் பெருங்கடல் இருமுனையின் நேர்நிலை. தலைகீழானால் எதிர்நிலை. 2016இல் பசிபிக்கில் இலேசான லா நினா, இந்தியப் பெருங்கடலில் வலுவான எதிர்நிலை. இரண்டும் கைகோத்து ஈரத்தைச் சுமத்திராவுக்குக் கொண்டுபோயின. இடையில் இருந்த நாம் காய்ந்தோம்.

இதை விதி போல எழுதிவிட்டு நகர முடியாது. 2010இல் வலுவான லா நினா இருந்தும் தமிழ்நாட்டில் நல்ல மழை. 2021இலும் லா நினாதான். ஆனால் வங்கக் கடல் சூடாக இருந்தது, தாழ்வு நிலைகள் வரிசைகட்டி வந்தன, சென்னையில் நவம்பர் மாதம் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே 2020–2022 லா நினா, சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்களைப் பொய்க்க வைத்துக் கோடிக்கணக்கானவர்களைப் பசியில் தள்ளியது. ஆப்பிரிக்காவின் அந்த முனைக்கும் அக்டோபர்–டிசம்பர் மழை முக்கியம், நமக்கும் அதே மாதங்கள்தான். அதே கடல் அங்கே கொன்றது, இங்கே அந்த ஆண்டுகளில் விட்டுவைத்தது. கடலின் நிலை வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். அவ்வளவே. ஆனால் அந்த வாய்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முன்கூட்டி அறிவது ஒரு மானாவாரி விவசாயிக்குச் சிறிய உதவி அல்ல.

1876க்குத் திரும்புவோம். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஆண்டில் தொடங்கியது. முதலில் பொய்த்தது வடகிழக்கு. அப்போது பசிபிக் குளிர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு, பதிவுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்றான எல் நினோ எழுந்து 1877இன் தென்மேற்கையும் தின்றது. இந்தியப் பெருங்கடலும் அந்த ஆண்டு கடுமையாக ஊசலாடியது. 2018இல் தீப்தி சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் காலத்துப் பதிவுகளை மரவளையங்களோடும் கடல் வெப்பநிலைத் தரவுகளோடும் சேர்த்து ஆராய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்தக் கடல் நிலைகளின் சேர்க்கைதான் இந்தியா, வடசீனா, வடகிழக்கு பிரேசில், எகிப்து என்று ஒரே காலத்தில் உலகைப் பட்டினி போட்டது என்று காட்டினார்கள். நம் பகுதியைப் பொறுத்தவரை, குளிர்ந்த பசிபிக் ஐப்பசியைப் பறித்தது, சூடான பசிபிக் அடுத்த ஆடியைப் பறித்தது. இரண்டு பருவங்களை நம்பி வாழும் நிலத்துக்கு இதைவிடக் கொடிய வரிசை இல்லை.

ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகவில்லை. மதராஸ் மாகாணத்தில் நிவாரண வேலை கேட்டு வந்தவர்களுக்கு, 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்பை இது அழித்துவிடும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கப்பல்களில் தானியம் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மதுரை, இராமநாதபுரம் பக்கத்து மக்கள் கால்நடையாகக் கடற்கரைக்கு நடந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். தோட்டத் துரைமார்களுக்கு அந்த ஆண்டுகளில் ஆள் பஞ்சமே இல்லை. மலையகத் தமிழர் வரலாற்றில் ஒரு பகுதி இந்த வறட்சியின் வரலாறு.

1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், இத்தகைய பஞ்சங்களை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வியோடுதான் உலகமெங்கும் உள்ள காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடலில் குறைவதையும், அங்கே குறையும்போது இங்கே கூடுவதையும் கண்டு அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். உலகம் இன்று எல் நினோ பற்றிப் பேசும் அறிவின் ஒரு வேர் இந்தியப் பட்டினியில் இருக்கிறது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மழை நிலையில்லாத இந்தச் செம்மண்ணில் ஊர் அமைத்த செட்டியார் சமூகமான நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை, மலாயா, பர்மா என்று லேவாதேவியைக் கொண்டுபோனார்கள். 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் நெல் வயலாயிற்று. சாகுபடிப் பரப்பு எண்பது ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. பர்மிய உழவருக்கு விதை நெல்லுக்கும் ஏர் மாட்டுக்கும் ஆள் கூலிக்கும் பணம் கொடுத்தது பெரும்பாலும் செட்டியார் கிட்டங்கிகள். விளைந்த அரிசி இரங்கூனிலிருந்து கப்பலேறி மதராஸ் மாகாணத் துறைமுகங்களில் இறங்கியது. 1877 பஞ்சத்திலேயே பர்மா அரிசி இங்கே வந்து சேர்ந்தது. பிறகு அது வழக்கமான வரத்தாகவே ஆகிவிட்டது.

இதைக் காலநிலையின் கண்ணால் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் செல்வம் வறட்சியே அரிதான ஒரு டெல்டாவில், தென்மேற்குப் பருவமழையில் விளைந்தது. அந்த வீடுகள் நின்ற இடமோ வடகிழக்கை நம்பிய நிலம். ஐப்பசி பொய்த்தாலும் ஐராவதியில் அறுவடை நடக்கும். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் தேடவில்லை, தேவையுமில்லை. விளைவு அப்படித்தான் இருந்தது. ஒரு வட்டாரம் தன் வானிலை ஆபத்தை இன்னொரு வட்டாரத்தின் வானில் ஈடு செய்துகொண்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வட்டி வாங்கியவர் வீட்டுக்கு இருந்தது. அதே ஊரில் கண்மாய்க்குக் கீழே குத்தகை நிலம் உழுதவருக்கும் பண்ணையாளுக்கும் அது கூலி வேலையாகவோ, கட்டட வேலையாகவோ, பஞ்சத்தில் கடை அரிசியாகவோ மட்டுமே கசிந்தது.

ஐராவதிக் கரையிலும் இதற்கு ஒரு விலை இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு மாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை, 1938க்குள் 25 விழுக்காடாயிற்று. அங்கே கசப்பு மூண்டதில் வியப்பில்லை. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் இரண்டு பக்கமும் கயிறு அறுந்தது. நகரத்தாரின் முதல் அங்கே சிக்கிக்கொண்டது. பர்மா அரிசியை நம்பியிருந்த மதராஸ் மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர், வங்கம் எல்லாம் தவித்தன. வங்கத்தில் அடுத்த ஆண்டு முப்பது லட்சம் பேர் அளவில் மாண்டார்கள். வானம் அன்று பெரிதாக ஏமாற்றவில்லை. வெளியூர் அரிசியில் கட்டிய உணவுப் பாதுகாப்பு, கப்பல் வரும் வரைக்கும்தான்.

கப்பல் இல்லாவிட்டால் மிஞ்சுவது கண்மாய். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயை ஏரி என்று நினைத்துப் பார்க்கக் கூடாது. அது மண்ணால் ஒரு பக்கம் வில்லாக வளைத்துக் கட்டிய கரை. மற்ற பக்கங்கள் திறந்தே கிடக்கும். நிலம் மேற்கிலிருந்து பாக் நீரிணை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் ஓடும் தண்ணீரைக் கரை மறிக்கிறது. கரைக்கு உள்ளே கல்லால் ஆன இரண்டு தூண்கள் நிற்கும், குறுக்கே பலகைக் கற்கள். அதன் அடியில் குழி, குழியை மூடும் கட்டை. பழைய குமிழித் தூம்பில் தண்ணீர் திறக்க வேண்டுமானால் ஒருவர் நீந்திப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டையைத் தூக்க வேண்டும். கண்மாய் பெருகிய நாளில் அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கு வைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி இருப்பார். அவருக்கு ஊர் நெல்லில் பங்கு உண்டு.

கரையின் ஓரத்தில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாசல் அது. பழைய கலுங்குகளின் மேல் இடுப்பளவு உயரக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். வெள்ள அபாயம் இருக்கும் கார்த்திகையில் கற்களுக்கு நடுவே இடைவெளி திறந்திருக்கும். மழை ஓயப்போகிறது என்று தெரிந்த மார்கழியில் அந்த இடைவெளிகளைப் புல் கத்தையும் மண்ணும் கொண்டு அடைப்பார்கள். நீர்மட்டம் ஒன்றிரண்டு அடி உயரும். ஒரு போகத்தைக் கதிர் முற்றும் வரை காப்பாற்ற அந்த அடிகளே போதும். எப்போது அடைப்பது என்பதில் ஊருக்கு ஊர் தகராறு வரும். இங்கே மட்டம் உயர்ந்தால் மேல் கண்மாய்க்காரர்களின் உள்வாய் ஓர நிலம் மூழ்கும், கீழ் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் தடைபடும். ஏனென்றால் கண்மாய்கள் தனித்தனியே இல்லை. மேல் கண்மாயின் கலுங்குத் தண்ணீர் கீழ் கண்மாயின் வரத்து. சருகணி ஆற்றுப் படுகையில் இந்தக் கண்மாய்ச் சங்கிலியை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாஸ், 2003இல் வெளியான தன் நூலில், நீரின் கதையை அதிகாரத்தின், சாதியின் கதையாகவும் எழுதினார். சரியான பார்வை என்று நினைக்கிறேன். முதல் மடைக்காரர் யார், கடைமடைக்காரர் யார் என்று பார்த்தாலே ஊரின் அடுக்கு தெரிந்துவிடும். வறட்சி முதலில் சுடுவது கடைமடையை.

இதனால்தான் குடிமராமத்தைப் பொற்காலமாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்மாயை ஊரே கூடிச் செப்பனிட்டது உண்மை. யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் நின்று பார்த்தார்கள் என்பதும் உண்மை. 1858இல் பிரிட்டிஷ் அரசு இதற்குச் சட்டம் போட்டபோது அதன் பெயரிலேயே கட்டாய உழைப்பு இருந்தது. ஆனாலும் அந்த ஏற்பாடு குலைந்தபோது அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரவில்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிவகங்கை ஜமீனின் கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். ஒரே சங்கிலியின் கண்ணிகள் இரண்டு அலுவலகங்களுக்குப் போயின. வரத்துக்கால் யாருடையது என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை காட்டும் நிலை. அந்த இடைவெளியில் சீமைக்கருவேலம் வளர்ந்தது. அதை வேரோடு பிடுங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, பிறகு 2017இல் உயர் நீதிமன்றமே அதை நிறுத்தியும் வைத்தது. மரத்தைக் குற்றம் சொல்வது எளிது. வறட்சி ஆண்டில் வேறு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு அதே கருவேலங்கரி மூட்டம்தான் அடுப்பெரியச் செய்தது. நீர் வரத்தைத் தடுக்கும் தைல மரக்காடுகள் பற்றிச் சிவகங்கை, புதுக்கோட்டை விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதைவிட அவசரமாகக் கேட்கப்பட வேண்டிய புகார்.

கண்மாய் நெல்லுக்கு மட்டுமானதல்ல. திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். கூடு கட்டும் பறவைகளுக்காக அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாய் பெருகாத ஆண்டில் பறவை வருவதில்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றியதும் சிங்கம்புணரி பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா. துண்டை வீசித் தொடங்கி வைத்ததும் சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் எல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்குவார்கள். கெண்டை, கெளுத்தி, விரால். அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு மணக்கும், பிடித்ததை விற்பதில்லை. ஒரு வறட்சி ஆண்டு நெல் மூட்டைகளை மட்டும் குறைப்பதில்லை. உள்வாய்ப் புல்லை, மாட்டுப் பாலை, இந்த மீனைச் சேர்த்தே கொண்டுபோகிறது. அரசுக் கணக்கில் பயிர்ச் சேதம் என்ற ஒரு கட்டம் மட்டும்தான் இருக்கிறது.

2016–17இல் மாநிலத்தின் அரிசி உற்பத்தி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தாது வருஷத்தோடு ஒப்பிட்டால் மழைக் குறைவு ஏறக்குறைய அதே அளவு. ஆனால் மக்கள் பட்டினியால் சாகவில்லை. இதை நாம் சரியாகக் கொண்டாடுவதில்லை. 1965, 1966 வறட்சிகளும் அரிசித் தட்டுப்பாடும் 1967 தேர்தலையே மாற்றின. ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பது அரசியலின் மையக் கேள்வியானது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. எல்லோருக்கும் பொதுவான ரேஷன் நிலைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. காரைக்குடியில் மழை பொய்த்தாலும் பஞ்சாப், ஆந்திர நெல் இங்கே அரிசியாக வருகிறது. ஐராவதி செய்ததை இன்று இந்திய உணவுக் கழகம் செய்கிறது. இம்முறை அது வட்டி வாங்கியவர் வீட்டோடு நிற்கவில்லை.

ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பியது. மற்றதெல்லாம் போனது. வைக்கோல் இல்லாமல் மாட்டை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அடகுக்குப் போன நகை மீளவில்லை. இளைஞர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். பயறும் காயும் முட்டையும் தட்டிலிருந்து விலகின. பசி இன்று இப்படித்தான் வருகிறது. சோறு இருக்கும், சோற்றோடு எதுவும் இருக்காது. அய்யாக்கண்ணு தலைமையில் தில்லி ஜந்தர் மந்தரில் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தது அந்தப் பங்குனி, சித்திரையில்தான். பயிர்க் காப்பீடு இதற்கு மருந்தாக வந்தது. இழப்பை ஊர் அளவில் அறுவடைப் பரிசோதனை செய்து கணக்கிடுகிறார்கள். ஒரே ஊரில் முதல் மடை வயல் தப்பிக் கடைமடை கருகினால், சராசரி எடுக்கும்போது கடைமடைக்காரரின் இழப்பு கரைந்துபோகும். கண்மாயின் அடுக்கு காப்பீட்டுத் தாளிலும் ஏறிவிடுகிறது.

சூடாகும் உலகம் இந்தச் சிக்கலை இரண்டு பக்கமும் இழுக்கிறது. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும், பெய்யாத இடைவெளியில் நிலம் முன்னைவிட வேகமாகக் காயும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக உள்நாட்டுக்குள் வலுவோடு நடந்தது. கடலோரத்துக்கு மட்டும் என்று நினைத்த புயல் செட்டிநாட்டுத் தெருக்களின் மரங்களையும் சாய்த்தது. தூர்ந்த கண்மாய் இரண்டுக்கும் உதவாது. கொட்டும் மழையைத் தாங்காமல் கரை உடையும், உடைந்த கண்மாய் மாசியில் வெறுமையாய் நிற்கும். 2021இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய், 262 கிலோமீட்டர் நீளத்தில் காவிரியின் வெள்ள நீரை இந்த வழியாகக் கொண்டுவரும் திட்டம். வந்தால் நல்லதே. ஆனால் அந்தத் தண்ணீரும் கடைசியில் வந்து நிற்க வேண்டியது இதே கண்மாய்களில்தான்.

இன்னும் எளிதாக, இன்னும் சீக்கிரமாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவத்துக்கான வானிலைத் துறையின் கணிப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோதான் வெளியாகிறது. அதற்குள் புழுதி விதைப்பு முடிந்து விதை மண்ணுக்குள் போயிருக்கும். 2016இல் இந்தியப் பெருங்கடலின் எதிர்நிலை ஜூலையிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. பசிபிக் குளிரத் தொடங்கியதும் அப்போது தெரியும். அந்த ஆடியிலேயே சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களுக்கென்று தனியாக ஒரு முன்னறிவிப்பு, நிச்சயமாகச் சொல்லாமல் வாய்ப்பாகவே சொன்னாலும், கிடைத்திருந்தால் மேட்டு வயலில் நெல்லுக்குப் பதிலாகக் குதிரைவாலியோ வரகோ விதைத்திருக்கலாம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4 நெல் வறட்சி தாங்கும், நூறு நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். பள்ளத்து வயலுக்கு அது. இந்த விதைகள் ஆவணி பிறக்கும்போது கூட்டுறவுச் சங்கத்தின் கிட்டங்கியில் இருக்க வேண்டும். வரத்துக்கால் வெட்டும் நூறு நாள் வேலையை ஆனியிலேயே தொடங்கிவிட வேண்டும். எதிர்நிலை ஆண்டென்று தெரிந்தால், கலுங்கு இடைவெளிகளை மார்கழி வரை காத்திராமல் ஐப்பசி முதல் மழையிலேயே அடைக்க, மேல் கண்மாய்க்காரரும் கீழ் கண்மாய்க்காரரும் புரட்டாசியிலேயே தாசில்தார் முன்னால் உட்கார்ந்து எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்.